இரண்டாவது அடி

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது, "அலோ, அலோ, சிக்னல் இல்ல பாப்பா, ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிவிட்டு வைத்தேனே, அது பொய். சிக்னல் நன்றாகவே இருந்தது. நீ கேட்டதில் ஒரு எழுத்து விடாமல் காதில் விழுந்தது. நீ படித்த பள்ளிக்கூடத்தில் இந்த வருஷப் பேச்சுப் போட்டிக்கு உன்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். நம் காலனி முகப்பில் நீலக் கோட்டும் கையில் புத்தகமுமாகச் சிலையாக நிற்கிறாரே, அவருடைய பிறந்த நாளுக்கு நடக்கிற அதே போட்டி. பதினாறு வருஷத்துக்கு முன்னால், ஒன்பதாவது படிக்கும்போது நீ ஏறின அதே மேடை. "வரட்டா நைனா, வேணாமா? பல்லு எப்பிடிப் போச்சுன்னு பசங்க கேப்பாங்க. படகுல வழுக்கி வுழுந்தேன்னு அந்த மேடையில நின்னு என்னால சொல்ல முடியாது. நெஜத்தைச் சொன்னா உன் மானம் போவும். நீயே சொல்லு, நான் வரட்டா?" என்றாய். இதற்குத்தான் உன் நைனா, ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிற பெரிய மனுஷன், சிக்னல் இல்லை என்று பதில் சொன்னான். சீ, என்ன பிறவி நான்! அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த உன் அம்மா, "பெத்த பொண்ணு கிட்டயே கப்ஸாவா? நல்லா கீது" என்றாள். நாலு நாளாக அவள் போடுகிற சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். இதை நீ மட்டும் படித்துவிட்டுப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டாம். யாருக்கு வேண்டுமானாலும் காட்டு, நாலு பேர் நடுவில் வைத்துப் படி.

பறியிலிருந்தே தொடங்குகிறேன். நமக்கு வலை கிடையாது, படகு கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் குந்தினபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிக்கிற சனம் நாம். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால், பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியை வாயில்தான் கவ்விக்கொள்ள வேண்டும். என் முன்பல் இரண்டிலும் பறிக்கயிறு அறுத்த பள்ளம் இருப்பதை நீ சின்ன வயதில் விரல் வைத்துப் பார்த்துச் சிரிப்பாய். உன்னை முதன்முதலாக ஏரியில் இறக்கினபோது உனக்கு ஆறு வயது. பூநாரைக் கூட்டம் ஒன்று மேலே பறந்ததைப் பார்த்து "நைனா, அங்க பாரேன்!" என்று வாயைத் திறந்தாய். பறி கவிழ்ந்தது. காலையிலிருந்து பிடித்த இறால் அத்தனையும் போயே போச்சு. முதுகில் ஒன்று வைத்தேன். "பறி வாயில இருக்கறப்ப பேசாதன்னு எத்தினி தபா சொல்றது!" என்று கத்தினேன். தண்ணீருக்குள் அது சரியான பாடம்தான். ஆனால் கரையேறின பிறகும் அதே பாடத்தையே உனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன் பார், அங்கேதான் நான் கெட்டேன். ரேஷன் கடையில் பேசாதே, வலைக்காரர் தெருவில் பேசாதே, பஸ்ஸில் எவனாவது எழுந்திரு என்றால் பேசாமல் எழுந்திரு. வாயில் பறியே இல்லாத நேரத்திலும் கவ்விக்கொண்டே இருக்கச் சொன்னேன்.

என் மேலுதட்டில் ஒரு தழும்பு இருக்கிறதே, அது நண்டு கடித்தது என்று உனக்குச் சொன்னேன். பாதிதான் உண்மை. கடித்தது நண்டுதான். அது என் வாய்க்குள் எப்படி வந்தது என்பதைச் சொல்லவில்லை. ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று வலைக்காரர்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பேர். அந்தப் பட்டியலில் நம் பேர் என்றைக்கும் இருந்ததில்லை. ஓரத்தில் தடவிப் பிழைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். மழை பொய்த்த அந்த வருஷம் ஓரத்துத் தண்ணீர் வற்றி, இறால் எல்லாம் ஆழத்துக்குப் போய்விட்டது. நான் அவர்கள் நட்டிருந்த கழியைத் தாண்டிப் பத்து முழம் போய்விட்டேன். மூன்று படகு வந்து வளைத்தது. பாடு பிரிக்கிற பெரிய மனிதர் துரைக்கண்ணு நடுப்படகில் நின்றிருந்தார். "டேய், இது யாரு பாடுன்னு தெரியுமா?" என்று ஒருவன் கேட்டான். என் வாயில் பறி. எப்படிப் பதில் சொல்வது? "கேக்கறேன், வாயைத் தொறக்க மாட்டேங்கறான் பாரு, திமிரு" என்று துடுப்பால் தோளில் போட்டான். இன்னொருவன் மயிரைப் பிடித்துத் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினான். வெளியே எடுத்தான், மறுபடி அமுக்கினான். மூச்சுக்கு வாயைத் திறந்தபோது பறி போயிற்று. அந்தத் திறந்த வாயில்தான் கொடுக்கு கட்டாத நண்டைத் திணித்தார்கள். "இனிமே இத்தக் கவ்விக்கினு போ" என்று சிரித்தார்கள். துரைக்கண்ணு சிரிக்கவில்லை. தடுக்கவும் இல்லை. வாயெல்லாம் ரத்தமாக நான் கரையேறினபோது, எட்டு வயசுப் பிள்ளை நீ கஞ்சித் தூக்கோடு நின்றிருந்தாய். "நண்டு கட்ச்சிச்சு பாப்பா" என்றேன். நீ பாவாடை நுனியைக் கொடுத்துத் துடைத்துக்கொள்ளச் சொன்னாய். இப்போதுதான் வந்திருக்கிறாய், ஒன்றும் பார்க்கவில்லை என்று நான் நம்பினேன். ஆறு வருஷம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

பேச்சுப் போட்டிக்கு நீ பேர் கொடுத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டாவதோடு நின்றவன் அல்லவா, மகள் மூலமாக மேடையேறப் போகிற சந்தோஷம். இரண்டு முழு வெள்ளைத்தாளில் உனக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தேன். சிலையில் நிற்கிற அவர் எப்படிப் படித்தார், எப்படி உயர்ந்தார், நாமும் ஒழுக்கமாகப் படித்தால் உயரலாம். யாருக்கும் வலிக்காத பேச்சு. வீட்டில் ஆடு கத்துகிறது என்று நீ டச்சுக்காரன் கல்லறை வாசலுக்குப் போய் மனப்பாடம் செய்தாய். அங்கே வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கின எலும்புக்கூடுகள் நிற்குமே, அவற்றுக்கு எதிரில் நின்று பேசுவாய். "இவங்க ரெண்டு பேருதான் நைனா குறுக்க பேச மாட்டாங்க" என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அங்கே யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள், டச்சுக்காரன் இங்கே துணி மட்டும் வாங்கவில்லை, பஞ்சத்தில் அடிபட்ட சனங்களையும் வாங்கி இதே முகத்துவாரத்தில் கப்பலேற்றினான் என்று. ஒரு நாள் வீட்டுக்கு வரும் வழியில், "வாங்கினது அவன். வித்தது யாரு நைனா?" என்று கேட்டாய். "போட்டிக்குத் தேவையானதைப் படி" என்றேன். நான் அன்றைக்கே உஷாராகியிருக்கலாம்.

போட்டி நாளில் நான் பந்தலின் கடைசியில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். பரிசுக் கோப்பைகளை உபயம் செய்த துரைக்கண்ணு முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். நீ என் தாளிலிருந்து மூன்று வாக்கியம் பேசினாய். அப்புறம் அந்தத் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகினாய். அதற்குப் பிறகு நீ பேசியது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். "அவர் ஒரு குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். அதற்காக அவருடைய ஆட்களை அடித்தார்கள். நாங்கள் தினமும் ஏரியில் கழுத்து வரைக்கும் நிற்கிறோம். ஆனால் ஏரி எங்களுடையது இல்லை. டச்சுக்காரன் எங்களை விலைக்கு வாங்கிக் கப்பல் ஏற்றினான். அவன் செத்து, கல்லறையில் படுத்திருக்கிறான். எங்களைப் பிடித்துக் கொடுத்தவனுக்கு மட்டும் கல்லறையே இல்லையே, ஏன்? அவன் இன்னும் சாகவில்லையா?" அப்புறம் சொன்னாய்: "எங்க நைனா கழியைத் தாண்டினதுக்கு அவர் வாயில் உயிர் நண்டைத் திணித்தார்கள். நான் கரையில் நின்று பார்த்தேன். எனக்கு எட்டு வயசு. பார்த்துக்கொண்டு சும்மா இருந்த பெரிய மனிதர் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்." மைக்கை அணைத்தார்கள். நீ நிறுத்தவில்லை, தொண்டையைத் திறந்து பேசினாய். ஒரு நாற்காலி பறந்து வந்து மேடையில் விழுந்தது. அடுத்து ஒரு கல். டீச்சர் ஒருத்தி உன்னை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக ஓடினாள்.

நான் பெருமைப்பட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. இல்லை பாப்பா. நடுச்சந்தையில் என் லுங்கியை உருவின மாதிரி இருந்தது. எல்லாத் தலையும் திரும்பி என் உதட்டைப் பார்த்தது. ஆறு வருஷமாக நண்டுக் கதையைச் சொல்லி மூடி வைத்திருந்ததை நீ ஒரே நிமிஷத்தில் திறந்துவிட்டாய். என்னை அடித்தவர்கள் மேல் வராத கோபம் உன் மேல் வந்தது. இதைப் படித்து நீ காறித் துப்பினாலும் சரி, நெஜம் இதுதான்.

சாயங்காலம் நாலு மணிக்கு வலைக்காரர்கள் துரைக்கண்ணுவோடு காலனிக்குள் வந்தார்கள். கையில் துடுப்பு, கழி, அரிவாள்மணை கூட ஒருவன் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். முதலில் வாசலில் காய்ந்த பறிகளை எல்லாம் மிதித்து நொறுக்கினார்கள். உன் சித்தப்பா தடுக்கப் போய் மண்டை உடைந்து சேற்றில் விழுந்தான். பக்கத்து வீட்டுக் கூரையில் நெருப்பு வைத்தார்கள். உள்ளே பச்சைப் பிள்ளை இருக்கிறது என்று அதன் தாய் அலறினாள். அதைத் தூக்க ஓடின உன் அம்மாவை ஒருவன் வயிற்றில் உதைத்தான். அவள் சுருண்டாள். "அந்தப் பொண்ணை வெளிய அனுப்பு! எந்த வாயால பேசினாளோ அந்த வாயாலயே பெரியவர் காலைத் தொட்டு மன்னிப்பு கேக்கணும். இல்லாங்காட்டி ஒரு வீடு நிக்காது" என்றான் துரைக்கண்ணுவின் தம்பி மகன். நீயே வெளியே வந்தாய். புகையில் கண் சிவந்திருந்தது. "கேளு பாப்பா, கேட்டுடு" என்று நான் கெஞ்சினேன். நீ என்னைப் பார்த்து, "நான் இன்னா பொய்யா சொன்னேன் நைனா? நீயே சொல்லு" என்றாய். அத்தனை பேர் எதிரில், என்னைப் போய், நீயே சொல்லு என்றாய். அந்தத் தம்பி மகன் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கினேன். அவனை அடிக்கப் போகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நீயும் நினைத்திருப்பாய். உன் வாயில் அடித்தேன். உன் உதடு கிழிந்து, பல் ஒன்று மண்ணில் விழுந்தது. கூட்டம் கப்பென்று அடங்கியது. அந்த இடைவெளியில்தான் பக்கத்து வீட்டுக்காரி உள்ளே ஓடிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அந்த இடத்தில் அது முடிந்திருக்க வேண்டும். ஊர் இன்றைக்கும் சொல்கிற கதை அங்கேயே முடிகிறது: பொண்ணைக் காப்பாத்த, சனத்தைக் காப்பாத்த, பெத்தவனே அடித்தான், அவர்கள் மனம் ஆறித் திரும்பிப் போனார்கள். முதல் அடிக்கு அந்தக் கதை பொருந்தும். அது அவர்களுக்காக அடித்த அடி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ விழவில்லை. ரத்தத்தைத் துடைக்கவும் இல்லை. நின்றபடியே என் உதட்டுத் தழும்பைப் பார்த்தாய். நான் மறுபடி துடுப்பை ஓங்கினேன். யாரும் என்னை அடிக்கச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேள் என்றுகூட அப்போது யாரும் சொல்லவில்லை. அந்த இரண்டாவது அடி எனக்காக நான் அடித்தது. என் மானத்தைச் சந்தியில் வைத்த வாய் என்று அடித்தேன். அதில்தான் இரண்டாவது பல் போயிற்று. நீ மல்லாந்து விழுந்தாய். மூன்றாவதுக்கும் கை ஓங்கியிருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினது யார் தெரியுமா? உனக்கு அப்போது நினைவு இல்லை. துரைக்கண்ணு. "போதும்டா, பொண்ணு செத்துடப் போவுது. வுடு" என்றார். என் வாயில் நண்டு திணித்தபோது வாய் திறக்காத மனுஷன். அவருக்கே பொறுக்கவில்லை என்றால் நான் எப்படி அடித்திருப்பேன் என்று நீயே யோசித்துக்கொள். அவர் திரும்பி நடந்தார், பின்னாலேயே எல்லோரும் போனார்கள்.

உன்னை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நான் அழுதேன் என்பது உனக்கு நினைவிருக்கும். அழுதுகொண்டே என்ன சொன்னேன் என்பதும் நினைவிருக்கும். "டாக்டர் கேட்டா படகுல வழுக்கி வுழுந்தேன்னு சொல்லு பாப்பா." நீ வாயில் துணியை அடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாய். நான் நண்டு என்றேன், நீ படகு என்றாய். பொய்க்கும் பரம்பரை பார்த்தாயா! மறுநாள் போலீஸ் விசாரிக்க வந்தபோது, எங்களுக்குள் எந்தத் தகராறும் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததும் இதே கைதான். ஊரார் மனுவில் ஒரு புள்ளி விடாமல் எழுதுகிறவன், உனக்காக ஒரு வரி எழுதவில்லை. கூரை எரிந்த வீட்டுக்காரி வந்து, "நல்ல வேளைண்ணா, நீ கை வெச்ச, இல்லாங்காட்டி என் கொயந்த போயிருக்கும்" என்று கும்பிட்டாள். அந்தக் கும்பிடைப் பதினாறு வருஷமாக வாங்கித் தின்றுகொண்டிருக்கிறேன். உன் அம்மா மட்டும் கும்பிடவில்லை. வாசலில் கிடந்த அந்தத் துடுப்பை வெட்டிச் சுள்ளியாக்கி, இரண்டு நாள் அதிலேயே சோறாக்கினாள். "துன்னு" என்று தட்டை முன்னால் வைத்தாள். அந்த வருஷம் முழுக்க அவள் என்னோடு பேசின வார்த்தை அந்த ஒன்றுதான். துரைக்கண்ணு இன்னும் இருக்கிறார், கோல் ஊன்றி நடக்கிறார். வழியில் எதிர்ப்பட்டால் என் முகத்தைப் பார்க்க மாட்டார், என் வலது கையைப் பார்ப்பார். அந்த இரண்டாவது அடி எதற்கென்று புரிந்துகொண்டவர்கள் உன் அம்மாவும் அவரும்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ ரயில்வேயில் அறிவிப்பு சொல்கிற வேலையில் சேர்ந்த மாதம், உனக்குத் தெரியாமல் சென்னைக்கு வந்தேன். அந்தப் பெரிய ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கூரையில் இருந்த ஸ்பீக்கரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "சூளூர்பேட்டை வரை செல்லும் வண்டி" என்று உன் குரல் வந்தது. மூட்டையும் முடிச்சுமாக அத்தனை சனமும் உன் பேச்சைக் கேட்டு எழுந்து நடந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் "எம்பொண்ணு" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது சூளூர்பேட்டையின் முதல் எழுத்தில், கட்டுப்பல் வழியாக லேசாகக் காற்று பிரிகிற சத்தம் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. வாயை மூடிக்கொண்டேன். நான் ஏற வேண்டிய வண்டியே அதுதான். ஏறாமல் இரண்டு வண்டியை விட்டேன். ஒவ்வொரு தடவையும் நீ சூளூர்பேட்டை என்று சொன்னாய், ஒவ்வொரு தடவையும் அந்தக் காற்று. உன்னைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரம் போய்விட்டது. புத்தி வர இத்தனை வருஷம் ஆயிற்று.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில்: வா. படகு கதையைச் சொல்லாதே, என் மானத்தை நினைத்துப் பாதியை மென்று முழுங்காதே. என் மானம் நீ பேசினதால் போகவில்லை. நான் உன்னை அடித்தபோது போயிற்று. அந்த மேடைக்கு எதிரில் உட்காரப் போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் அப்பன்காரன் இன்றைக்கும் "பேசாதே" என்றுதான் சொல்லி அனுப்பியிருப்பான். உருப்படியாக ஒன்று சொல்லு அவர்களுக்கு. வெளியாள் அடித்தால் வலிக்கும், அதைச் சொல்லிக்கொள்ள வீடு இருக்கும். வீட்டாளே அடித்தால் சொல்லிக்கொள்ள இடமே கிடையாது. என் பொண்ணு அந்த இடமில்லாமல் பதினாறு வருஷம் இருந்தாள். இதை நீ சொன்னால்தான் எடுபடும். மைக்கை அணைத்தால் அணைக்கட்டும், உனக்கு அது என்றைக்கும் தேவைப்பட்டதில்லை.

இந்தத் தடவை தண்ணீர் டிரம் பக்கத்தில் நிற்க மாட்டேன். அம்மாவோடு முதல் வரிசைக்கு வந்து உட்காருவேன். "யார் அடிச்சாங்க அக்கா?" என்று ஏதாவது ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். நீ விரலை நீட்டு. துரைக்கண்ணு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் அவர் பக்கம் நீட்டாதே, என் பக்கம் நீட்டு. நான் எழுந்து நிற்பேன். எந்தக் கை என்று கேட்டால் அதையும் தூக்கிக் காட்டுவேன்.

உன்னை அடித்த அந்த வலது கையாலேயே எழுதினேன்,
உன் நைனா.